எதிர்நோக்குவதா, எதிர்கொள்வதா?



நம் நாட்டுத் தமிழில் ஒரு வினைச்சொல் ஓய்வின்றி உழைத்துக்கொண்டிருக்கிறது. நாளிதழைப் பிரித்தால் அது இருக்கிறது. வானொலிச் செய்தியில் இருக்கிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டறிக்கையில் இருக்கிறது. ஆறாம் ஆண்டு மாணவரின் கட்டுரை ஏட்டிலோ பத்திக்கு ஒருமுறையேனும் தலைகாட்டுகிறது. 'எதிர்நோக்குதல்' என்பதே அச்சொல். மாணவர்கள் சிக்கலை எதிர்நோக்குகின்றனர். தோட்டத்து மக்கள் வறுமையை எதிர்நோக்கினர். நாடு பொருளாதாரச் சவாலை எதிர்நோக்குகிறது. பள்ளி ஆசிரியர் பற்றாக்குறையை எதிர்நோக்குகிறது. ஆங்கிலத்தில் 'ஃபேஸ்' என்று வருமிடத்திலும் மலாயில் 'மெங்ஹாடாபி' என்று வருமிடத்திலும் நாம் வேறெதையும் எண்ணிப் பாராமல் இச்சொல்லை வைத்துவிடுகிறோம்.

அண்மையில் ஒரு தாயார் என்னிடம் ஓர் ஏட்டைக் காட்டினார். மகள் தனிப்பயிற்சி வகுப்பில் எழுதிய கட்டுரை அது. 'பாரதியார் பல துன்பங்களை எதிர்நோக்கினார்' என்று அவள் எழுதியிருந்தாள். அங்கே திருத்தியவர் 'எதிர்நோக்கினார்' என்பதை அடித்துவிட்டு 'எதிர்கொண்டார்' என்று மேலே எழுதி, அரை மதிப்பெண்ணையும் குறைத்திருந்தார். "பேப்பர்லயும் இப்படித்தான் போடுறாங்க, பள்ளிப் பயிற்சியிலயும் இப்படித்தான் இருக்கு. அப்புறம் எப்படிங்க டீச்சர் தப்பாகும்?" என்று கேட்டார் அந்தத் தாயார். அரை மதிப்பெண் சிறிய செய்திதான். ஆனால் அவர் கேட்ட கேள்வி சிறியதன்று. நம் நாட்டுப் பிள்ளை நாள்தோறும் கேட்டும் படித்தும் வளர்கின்ற தமிழைப் பிழை என்று சொல்லும் உரிமை யாருக்கு உண்டு என்பது அதற்குள் அடங்கியிருக்கிறது.

திருத்தியவர் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அது வலுவான நியாயமே.

'எதிர்' என்பதற்குத் தமிழில் காலம் சார்ந்த பொருள் ஒன்று தொன்றுதொட்டு உண்டு. தொல்காப்பியர் காலத்தை இறப்பு, நிகழ்வு, எதிர்வு என மூன்றாக வகுத்தார். நாம் வகுப்பில் கற்பிக்கும் 'எதிர்காலம்' அந்த எதிர்வின் வழிவந்ததுதான். திருக்குறளில் அறிவுடைமை அதிகாரத்தில் வரும் 429ஆம் குறளும், வரப்போவதை முன்னரே அறிந்து காத்துக்கொள்ளும் அறிவுடையோரைப் பேசும்போது 'எதிர்' என்பதை இப்பொருளில்தான் ஆள்கிறது. அடுத்து 'நோக்கு' என்பது 'பார்' என்பதன் உடன்பிறப்பு. ஆகவே 'எதிர்பார்', 'எதிர்நோக்கு' இரண்டும் ஒரே அச்சில் வார்த்த சொற்கள். இனி வரப்போவதை மனத்தால் முன்கூட்டிப் பார்ப்பதே இரண்டின் பொருளும். இந்தக் கணக்கில், 'சவால்களை எதிர்நோக்குகிறோம்' என்றால் 'சவால்கள் எப்போது வரும் என்று காத்திருக்கிறோம்' என்றாகிவிடும். தமிழ்நாட்டிலிருந்து வருகின்ற ஒருவர் நம் செய்தித் தலைப்புகளைப் படித்துவிட்டுப் புன்முறுவல் பூப்பதற்கு இதுதான் காரணம். வறுமையை யாராவது ஆவலோடு எதிர்பார்ப்பார்களா என்று அவர்கள் கேட்பார்கள்.

நம் பிள்ளைகளுக்கும் இந்தப் பொருள் தெரியாமலில்லை. 'தீபாவளியை ஆவலுடன் எதிர்நோக்கிக் காத்திருந்தோம்' என்று எழுதுபவர்களும் அவர்கள்தாம். ஒரே ஏட்டில், ஒரே வாரத்தில், தீபாவளியையும் எதிர்நோக்குவார்கள், தூய்மைக்கேட்டையும் எதிர்நோக்குவார்கள்.

அப்படியானால் 'எதிர்கொள்' சரி, 'எதிர்நோக்கு' தவறு என்று முடித்துவிடலாமா? இங்குதான் நான் அந்தத் திருத்துநரோடு வேறுபடுகிறேன்.

'எதிர்கொள்' என்பதன் பழைய பொருள் என்ன? சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியை எடுத்துப் பாருங்கள். வருகின்ற விருந்தினரை நோக்கி முன்னே சென்று வரவேற்றல் என்பதே அதன் முதற்பொருள். கம்பராமாயணத்துப் பாலகாண்டத்தில் 'எதிர்கொள் படலம்' என்றே ஒரு படலம் உண்டு. அதில் யாரும் எந்தச் சிக்கலோடும் போராடவில்லை. மகனின் திருமணத்திற்காகச் சுற்றமும் படையும் சூழ வருகின்ற தயரதனைச் சனகன் எதிர்சென்று வரவேற்கிறான், அவ்வளவுதான். மயிலாடுதுறை மாவட்டத்தில் குத்தாலத்தை அடுத்து, திருமணஞ்சேரிக்கு அருகே, திருஎதிர்கொள்பாடி என்றொரு பாடல் பெற்ற தலம் இருக்கிறது. சுந்தரர் பதிகம் பெற்ற ஊர். மணமகனாக வந்த சிவபெருமானை, பெண்வீட்டார் சார்பில் பரத முனிவர் எதிர்கொண்டு அழைத்த இடம் என்பது தலவரலாறு. அதனால்தான் ஊருக்கே அந்தப் பெயர். மாப்பிள்ளை அழைப்பும் ஒரு சவால்தான் என்று சம்பந்தி வீட்டுக் கதைகளைக் கேட்டவர்கள் சொல்லக்கூடும். ஆனால் கம்பர் அந்தப் பொருளில் எழுதவில்லை!

வரவேற்கும் சொல்லாக இருந்த 'எதிர்கொள்', இன்று தமிழ்நாட்டு நாளிதழ்களில் 'நெருக்கடியை எதிர்கொள்கிறது', 'வழக்கை எதிர்கொள்கிறார்' என்று வருகிறது. விருந்தாளி நின்ற இடத்தில் நெருக்கடி வந்து நிற்கிறது. அதுவும் ஆங்கிலத்து 'ஃபேஸ்' என்னும் சொல்லுக்கு ஒரு தமிழ்ச்சொல் தேவைப்பட்டபோது நடந்த இடமாற்றம்தான் என்றே நான் கருதுகிறேன். அவர்கள் மாற்றிக்கொண்டது இலக்கணமாகிறது. நாம் மாற்றிக்கொண்டது பிழையாகிறது! இது எந்த ஊர் நியாயம்?

இலங்கைத் தமிழரைப் பாருங்கள். அவர்கள் 'எதிர்நோக்குதல்' என்பதையும் ஆள்வதுண்டு. அதைவிட அவர்களுக்கே உரியதாக 'முகங்கொடுத்தல்' என்ற சொல் இருக்கிறது. 'மக்கள் பல பிரச்சினைகளுக்கு முகங்கொடுக்கின்றனர்' என்று எழுதுவார்கள். ஆங்கிலத்து 'ஃபேஸ்' என்பதிலும் முகம் இருக்கிறது. சிங்களத்திலும் இதே பொருளுக்கு 'முஹுண தெனவா' என்கிறார்கள். முஹுண என்றால் முகம், தெனவா என்றால் கொடுத்தல். சொல்லுக்குச் சொல் அதே கட்டமைப்பு. நமக்கோ முகங்கொடுத்தல் என்றால் வேறு நினைவு வருகிறது. "வீட்டுக்குப் போனேன், அவர் முகங்கொடுத்துக்கூடப் பேசவில்லை" என்று குறைபட்டுக்கொள்வோம். அன்பாக ஏறிட்டுப் பார்ப்பதே அங்கே முகங்கொடுத்தல். யாழ்ப்பாணத்துப் பிள்ளை எழுதிய 'வறுமைக்கு முகங்கொடுத்தார்' என்னும் தொடரை, வறுமையிடம் அன்பாகப் பேசினார் என்று பொருள்கொண்டு நாம் மதிப்பெண்ணைக் குறைப்போமா?

ஆக மூன்று நாட்டுத் தமிழர், ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு மூன்று விடைகளைக் கண்டிருக்கிறார்கள். சிங்கப்பூரைச் சேர்த்தால் நான்கு நாடு; ஆனால் பாலத்துக்கு அப்பாலும் நம்மைப் போலவே எதிர்நோக்கத்தான் செய்கிறார்கள். மூன்று விடைகளுமே பழைய சொல்லை இழுத்துப் புதிய பொருளில் நிறுத்தியவை.

நம் விடைக்கு வேறோர் ஆதாரமும் உண்டு என்பது என் எண்ணம். 'கோயில் கிழக்கு நோக்கி இருக்கிறது' என்கிறோம். ஆங்கிலத்தில் அந்த இடத்திலும் 'ஃபேஸ்' என்றுதான் வரும். 'எதிர்' என்பதற்குக் காலப்பொருள் மட்டுமா இருக்கிறது? 'எதிர்வீடு', 'எதிரே வந்தான்' என்னும்போது இடப்பொருள். எதிரே நிற்பதை நேருக்கு நேர் நோக்குதல் என்று பிரித்தால் 'எதிர்நோக்கு' என்பதில் பிழையொன்றும் தெரியவில்லை. இது என் ஊகம்தான். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன தமிழ் நேசன் போன்ற ஏடுகளின் பழைய இதழ்களைப் புரட்டி, இச்சொல் எப்போது இப்பொருளுக்கு வந்தது என்று யாரேனும் ஆய்ந்தால் நன்றாக இருக்கும். மலாயிலும் ஆங்கிலத்திலும் வருகின்ற செய்தியை ஒரு மணி நேரத்தில் தமிழாக்கியாக வேண்டிய செய்தியறையில், ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று கைவசம் இருப்பது எவ்வளவு வசதி என்பதை நாம் உணர வேண்டும். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 2008ஆம் ஆண்டுப் பதிப்பில் இலங்கை வழக்குகளைத் தனிக்குறியிட்டுச் சேர்த்தது. நம் வழக்குக்கும் அப்படியோர் இடம் வேண்டும் என்று கேட்பது தவறாகாது.

எனவே அந்தத் தாயாருக்கு என் விடை: மகள் எழுதியது பிழையன்று. அரை மதிப்பெண் போனால் போகட்டும்.

ஆனால் அந்தத் தொடர் எனக்கு நிறைவளிக்கவும் இல்லை. 'எதிர்கொண்டார்' என்று மாற்றிய பிறகும் நிறைவளிக்கவில்லை. பாரதியார் என்ன செய்தார் என்பது முதல் தொடரிலும் இல்லை, திருத்திய தொடரிலும் இல்லை. கடன்பட்டாரா? பிரிட்டிஷ் அரசு கைது செய்யும் என்ற நிலையில் 1908இல் புதுச்சேரிக்குப் போனாரே, அதைச் சொல்கிறாளா? அவர் நடத்திய 'இந்தியா' இதழுக்குப் பிரிட்டிஷ் இந்தியாவில் தடை வந்ததைச் சொல்கிறாளா? இவை எல்லாவற்றையும் 'பல துன்பங்கள்' என்று ஒரு மூட்டையாகக் கட்டி, 'எதிர்நோக்கினார்' என்று முத்திரை குத்தியாயிற்று. எந்த மூட்டையில் என்ன இருக்கிறது என்று தெரியாது. எந்தத் தலைவரின் பெயரை எழுவாயாக வைத்தாலும் தொடர் அப்படியே பொருந்தும். நான் பேச விரும்பும் சிக்கல் இதுதான்.

'ஃபேஸ்' என்னும் ஆங்கிலச் சொல் உண்மையில் இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒருவர் முன்னே ஒரு தொல்லை வந்து நிற்கிறது; அவர் ஒன்றும் செய்யவில்லை, அவருக்கு அது வாய்த்திருக்கிறது. இது ஒரு வேலை. ஒருவர் அத்தொல்லையிலிருந்து முகத்தைத் திருப்பாமல் துணிந்து நிற்கிறார். இது இன்னொரு வேலை. பள்ளி ஆசிரியர் பற்றாக்குறையை 'ஃபேஸ்' செய்கிறது என்றால் அதில் துணிவும் இல்லை, கோழைத்தனமும் இல்லை. ஆள் போதவில்லை, அவ்வளவே. 'ஓடி ஒளியாதே, ஃபேஸ் செய்' என்று மகனிடம் சொல்லும்போது அதே சொல் வீரமாகிவிடுகிறது. ஆங்கிலேயர் இடம்பார்த்துப் பிரித்துக்கொள்கிறார்கள். நாமோ சொல்லை எடுக்கும்போது இரண்டு பொருளையும் கலந்தே எடுத்துவிட்டோம். அதனால் 'எதிர்நோக்கினார்' என்ற சொல், அனுபவித்தார் என்பதற்கும் போராடினார் என்பதற்கும் நடுவில் எங்கோ மிதக்கிறது.

மலாய் மொழி இங்கே நமக்கு நல்ல ஆசான். நம் பிள்ளைகள் அதை நாள்தோறும் படிக்கிறார்கள். 'ஹாடாப்' என்றால் முன்பக்கம், எதிரே. சுல்தானைக் காண அரண்மனைக்குப் போவதும் 'மெங்ஹாடாப்' தான். அதிலிருந்து வந்த 'மெங்ஹாடாபி' என்றால் சிக்கல் எதிரே நிற்கிறது. 'தாங்ஙான்' என்றால் கை. 'மெனாங்ஙானி' என்றால் அந்தச் சிக்கலில் கை வைத்தாயிற்று. 'ஆத்தாஸ்' என்றால் மேலே. 'மெங்ஙாத்தாசி' என்றால் சிக்கலுக்கு மேலே ஏறி அதைக் கடந்தாயிற்று. எதிரே, கையில், மேலே! நான் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் வெண்பலகையில் ஒரு பாறாங்கல்லை வரைந்து இந்த மூன்றையும் காட்டுவதுண்டு. பிறகு தமிழில் என்னென்ன இருக்கின்றன என்று கேட்பேன். 'கையாளுதல்' என்பதில் கை இருப்பதை யாராவது ஒரு மாணவர் கண்டுபிடித்துக் கத்துவார். 'மேற்கொள்ளுதல்' என்பதில் மேல் இருக்கிறதே என்பார் இன்னொருவர். அது வேறு கதை என்று அமர்த்த வேண்டியிருக்கும்.

நம்மிடம் சொல்லுக்குப் பஞ்சமா? துன்பம் வந்தவர் தவிக்கிறார், அல்லாடுகிறார், திண்டாடுகிறார், அவதியுறுகிறார். பிறகு தாங்குகிறார், பொறுக்கிறார், தாக்குப்பிடிக்கிறார், ஈடுகொடுக்கிறார். எதிர்த்து நிற்கிறார், மல்லுக்கு நிற்கிறார். சிலர் ஒதுங்கிப் போகிறார்கள். அதற்கும் சொல் உண்டு. 'சமாளித்தல்' என்று ஒன்று. இந்தியில் 'சம்பால்னா' என்பதற்கு உறவுக்காரச் சொல், ஆனாலும் நம் வீட்டுப் பெண்கள் மாதக் கடைசியில் செய்வதைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. திருவள்ளுவர் 'இடுக்கண் அழியாமை' என்று ஓர் அதிகாரம் முழுவதையும் இதற்காகவே வைத்தார். 63ஆம் அதிகாரம். பத்துக் குறளிலும் எதிர்நோக்குதல் இல்லை, எதிர்கொள்ளுதலும் இல்லை. துன்பம் வரும்போது சிரிக்கச் சொல்கிறார். துன்பத்துக்கே துன்பம் தந்துவிடும் மனிதரைக் காட்டுகிறார். தடை வந்த இடமெல்லாம் விடாமல் வண்டியை இழுக்கும் எருதைக் காட்டுகிறார். ஒவ்வொரு குறளிலும் ஏதாவதொன்று நடக்கிறது.

தமிழின் இயல்பான அமைப்பு ஒன்றையும் நாம் மறந்துவருகிறோம். 'எனக்குப் பசிக்கிறது', 'அவருக்குக் காய்ச்சல்', 'எங்களுக்குப் பணமுடை'. துன்பம் வந்து சேருகிறது. நாம் நான்காம் வேற்றுமையில் நிற்கிறோம். சோற்றுவேளையில் எந்தப் பிள்ளையும் அம்மாவிடம் போய், 'அம்மா, நான் பசியை எதிர்நோக்குகிறேன்' என்று சொல்வதில்லை. அதே பிள்ளை கட்டுரை எழுத உட்கார்ந்ததும், 'ஆப்பிரிக்க மக்கள் பசியை எதிர்நோக்குகின்றனர்' என்று எழுதுகிறான். 'பசியால் வாடுகின்றனர்' என்று இரு சொல் போதுமே!

சொல்லாராய்ச்சிதானே, இதில் என்ன போயிற்று என்று பெற்றோர் சிலர் நினைக்கலாம். இரண்டு காட்டுகள் தருகிறேன்.

ஜொகூரில் இருப்பவர்களுக்கு வெள்ளம் புதிதன்று. 2006 டிசம்பர் முதல் 2007 சனவரி வரை கோத்தா திங்கியும் சிகாமாட்டும் மூழ்கியதை மறந்திருக்க மாட்டோம். 2023 மார்ச்சில் பத்து பகாட், சிகாமாட் வட்டாரங்களில் மீண்டும் பெருவெள்ளம். அத்தகைய நாளில், 'இந்த வட்டார மக்கள் வெள்ளத்தை எதிர்நோக்குகின்றனர்' என்று கைப்பேசிக் குழுவில் ஒரு செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளம் வரப்போகிறதா, வந்துவிட்டதா? நம் வழக்கில் அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருளும் உண்டு என்று மேலே பார்த்தோம். வரப்போகிறது என்றால் பாட்டியை ஏற்றிக்கொண்டு கிளம்ப நேரமிருக்கிறது. வந்துவிட்டது என்றால் அந்தச் சாலையில் வண்டியை விடக் கூடாது. 'இன்றிரவு வெள்ளம் வரக்கூடும்', 'வீடுகளுக்குள் நீர் புகுந்துவிட்டது' என்று எழுதினால் எந்த ஐயமும் இல்லை. பள்ளி அறிவிப்புகளை எழுதும் ஆசிரியர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

அடுத்தது ஒரு மாணவியின் கட்டுரை. அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். 2022ஆம் ஆண்டு, பள்ளி வழக்கநிலைக்குத் திரும்பியிருந்த காலம். பெருந்தொற்றுக் காலத்தில் உங்கள் குடும்பம் என்பது தலைப்பு. அவள் எழுதியிருந்தாள்: 'கோவிட்-19 பெருந்தொற்றுக் காலத்தில் எங்கள் குடும்பம் பல சவால்களை எதிர்நோக்கியது. இருப்பினும் நாங்கள் மனம் தளரவில்லை.' எழுத்துப்பிழை இல்லை, ஒற்றுப்பிழை இல்லை. புள்ளி கொடுத்துவிட்டு அடுத்த ஏட்டை எடுக்கலாம். நான் பக்க ஓரத்தில் வழக்கம்போல் இரண்டு கேள்விகளை எழுதினேன்: 'என்ன நடந்தது? யார் என்ன செய்தார்?'

ஓய்வு நேரத்தில் வந்து வாய்மொழியாகச் சொன்னாள். அவளுடைய அப்பா சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலையில் இருந்தவர். நாள்தோறும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்துபோய் இரவில் திரும்புபவர். 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கப்போகிறது என்றதும், வேலையை விட முடியாமல், முதல்நாள் இரவே இரண்டு செட் துணியோடு அக்கரைக்குப் போய்விட்டார். இரண்டு வாரம் என்றுதான் அப்போது சொன்னார்கள். அங்கே எட்டுப் பேர் தங்கும் அறையில் ஒரு கட்டில் கிடைத்தது. இங்கே அம்மா அடுக்குமாடியின் கீழே காலையில் நாசி லெமாக் பொட்டலம் விற்றார். இயங்கலை வகுப்புக்கு வீட்டில் ஒரே கைப்பேசி. அக்காவுக்குப் பாடம் இருக்கும் நாளில் இவளுக்கு இல்லை. 1924 முதல் நிற்கின்ற ஒரு கிலோமீட்டர் பாலம் அது. எங்கள் ஊர்க் கரையில் நின்றால் அந்தக் கரைக் கட்டடங்கள் தெரியும். தரைவழித் தடுப்பூசிப் பயணத் திட்டம் 2021 நவம்பர் 29ஆம் நாள் தொடங்கிய பிறகுதான் அப்பா வந்தார். போகும்போது தவழ்ந்துகொண்டிருந்த தம்பி, அவரைக் கண்டதும் அம்மாவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டான்.

இவ்வளவும் 'பல சவால்களை எதிர்நோக்கியது' என்னும் மூன்று சொற்களுக்குள் கிடந்தன. அவளுக்கு அவற்றைச் சொல்லத் தெரியாமல் இல்லை. என்னிடம் பத்து நிமிடம் நிறுத்தாமல் சொன்னாளே! அவையெல்லாம் கட்டுரையில் எழுதத் தகுந்தவை என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. கட்டுரைக்கென்று ஒரு மொழி இருக்கிறது, அதில் சவால், எதிர்நோக்கு, மனம் தளராமை, வெற்றிவாகை சூடுதல் எல்லாம் வரவேண்டும் என்றுதான் கற்றிருக்கிறாள். அதை யார் கற்பித்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டுவிட்டது; அதற்காக மனனம் செய்த தொடர்கள் மட்டும் ஓய்வு பெறவில்லை. பெற்றோர் கடையில் வாங்கித் தரும் வழிகாட்டி நூல்களில் அவை இன்னமும் வரிசையாக நிற்கின்றன. இடைநிலைப்பள்ளிக்குப் போய் எஸ்.பி.எம். தமிழ்மொழித் தாளில் எழுதப்போகும் பிள்ளைக்கு இவை கைகொடுக்கும் என்ற நம்பிக்கையில் வாங்குகிறார்கள். அவர்களைக் குறைசொல்லி என்ன பயன்?

வேறொரு கவலையும் உண்டு. கட்டுரை ஏடு சில பிள்ளைகளுக்கு வீட்டுச் செய்தியை வெளியே சொல்லக் கிடைக்கும் ஒரே இடம். 'என் குடும்பம் பிரச்சினையை எதிர்நோக்குகிறது' என்று ஒரு பிள்ளை எழுதினால் அது வாடகை கட்டாததாக இருக்கலாம், அப்பாவின் குடிப்பழக்கமாக இருக்கலாம், பாட்டியின் சிறுநீரகச் சுத்திகரிப்புச் செலவாக இருக்கலாம். அல்லது வழிகாட்டி நூலிலிருந்து எடுத்த வெறும் தொடராகவும் இருக்கலாம். எது என்று அந்தச் சொல் காட்டிக்கொடுப்பதில்லை. கேட்டால்தான் தெரியும். எல்லாரும் கேட்கும் வகுப்பில் கேட்காமல், தனியே கேட்க வேண்டும்.

பெரியவர்களாகிய நம் எழுத்தும் இதற்கு விலக்கன்று. 'தமிழ்ப்பள்ளிகள் மாணவர் எண்ணிக்கைச் சரிவை எதிர்நோக்குகின்றன' என்று ஆண்டுதோறும் கூட்டங்களில் பேசுகிறோம். கேட்க வீரமாக இருக்கிறது. நாம் எதையோ நெஞ்சு நிமிர்த்தி நின்று பார்ப்பதுபோல் தோன்றுகிறது. உண்மையில் அந்தத் தொடரில் யாரும் ஒன்றும் செய்யவில்லை. 'சென்ற ஆண்டு முதலாம் ஆண்டில் இத்தனை பேர் சேர்ந்தனர், இவ்வாண்டு இத்தனை பேர், நம் வட்டாரத்தில் பாலர் பள்ளி முடித்த பிள்ளைகள் உள்ள இத்தனை வீடுகளுக்குப் போய்ப் பேசினோம்' என்று அறிக்கையில் எழுதிப் பாருங்கள். எழுதுவது கடினம். வீடுகளுக்குப் போயிருந்தால்தான் எழுத முடியும்.

வகுப்பில் இச்சொல்லை நான் தடை செய்யவில்லை. தடை செய்தால் பிள்ளைகள் அந்த இடத்தில் 'எதிர்கொள்' என்று வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அதனால் யாருக்கும் பயனில்லை. ஓரத்தில் எழுதும் அந்த இரண்டு கேள்விகளே போதுமானவையாக இருக்கின்றன. மேலே சொன்ன மாணவி இரண்டாம் முறை எழுதியபோது, 'அப்பா வந்த அன்று தம்பி ஒளிந்துகொண்டான். அம்மா சிரித்தார். பிறகு அடுப்படிக்குள் போய்விட்டார்' என்று எழுதியிருந்தாள். அதில் ஒரு காற்புள்ளியைக்கூட நான் மாற்றவில்லை.

ஓரிடத்தில் மட்டும் 'எதிர்நோக்கு' என்பதை யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்க மாட்டேன். நீதிமன்றச் செய்திகளில், 'குற்றம் நிரூபிக்கப்பட்டால் பத்து ஆண்டு வரை சிறைத்தண்டனையை எதிர்நோக்குவார்' என்று எழுதுகிறார்களே, அங்கே தண்டனை இனிமேல்தான் வரும், வராமலும் போகலாம், அவர் அதை நேரே பார்த்துக்கொண்டு நிற்கிறார். தமிழ்நாட்டுப் பொருளும் நம் நாட்டுப் பொருளும் அந்தத் தொடரில் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. அதை எழுதிய செய்தியாசிரியர் யாரோ, அவருக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.